திங்கட்கிழமைதோறும் 30 பாடல்கள்

1980களின் இறுதியில் தஞ்சாவூரில் எங்கள் தெருமுனையில் ஒரு பாட்டுப் பதிவுக் கடை இருந்தது. வேண்டிய பாடல்களை ஒரு தாளில் எழுதி, 60 நிமிட வெற்று கேசட்டோடு கொடுத்துவிட்டு வந்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். ‘பி’ பக்கத்தின் கடைசியில் மூன்று நான்கு நிமிடம் மிஞ்சினால், கடைக்கார அண்ணன் நாங்கள் எழுதிக் கொடுக்காத ஒரு பாடலைத் தாமாகவே அதில் சேர்த்துவிடுவார். எங்கள் தாளைப் பார்த்தே எங்களுக்கு என்ன பிடிக்கும் என்று கணித்துவிடும் அந்தக் கைராசிக்காகவே, அப்பா வேறு கடைக்குப் போனதில்லை. அந்த அண்ணனை எனக்கு மறுபடியும் நினைவூட்டியது ஸ்பாட்டிஃபை என்ற இணையவழி இசைச் சேவையின் ‘டிஸ்கவர் வீக்லி’ என்ற வாராந்தரத் தொகுப்பு என்பதால்தான் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

ஸ்பாட்டிஃபை சிங்கப்பூருக்கு வந்தது 2013 ஏப்ரலில். நான் சற்றுத் தாமதமாகவே அதில் சேர்ந்தேன். அதற்கு முன் வேறொரு சேவையில் வீட்டில் அனைவரும் ஒரே கணக்கைப் பயன்படுத்தி வந்தோம். மகள் கேட்ட கொரியப் பாடல்களும் என் மனைவி கேட்ட கந்த சஷ்டிப் பாடல்களும் நான் கேட்ட பழைய திரைப்பாடல்களும் ஒன்றாகக் கலந்து, யாருக்கும் உதவாத பரிந்துரைகளே வந்துகொண்டிருந்தன. இப்போது குடும்பத் திட்டத்தில் இருக்கிறோம். ஒரே முகவரியில் வசிக்கும் ஆறு பேர் வரை தனித்தனிக் கணக்கு வைத்துக்கொள்ள அது இடம் தருகிறது. இந்தச் சேவையின் முழுச் சுவையையும் அறிய விரும்புபவர் முதலில் செய்ய வேண்டியது இதுதான்: உங்கள் கணக்கு உங்களுக்கு மட்டுமே உரியதாக இருக்கட்டும்.

2015 ஜூலையில் தொடங்கிய இந்த வாராந்தரத் தொகுப்பில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் 30 பாடல்கள் புதிதாக வந்து அமர்கின்றன. ஒரு திங்கட்கிழமை காலை ஈசூனில் பெருவிரைவு ரயில் ஏறி அதை ஓட விட்டேன். காத்திப் நிலையத்தைத் தாண்டியதும் இயோ சூ காங் வரை நிலையமே இல்லாமல் மரங்களுக்கு நடுவே நீளும் அந்தப் பாதையில், பி. சுசீலாவின் குரலில் நான் அதுவரை கேட்டே இராத ஒரு பாடல் ஒலித்தது. அடங்கிய குரலும், வரிகளுக்கு இடையே வந்து உடனே விலகிவிடும் புல்லாங்குழலுமாக இருந்தது. எம். எஸ். விஸ்வநாதன் என்றே எண்ணித் திரையைப் பார்த்தால், இசை வி. குமார். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கே. பாலசந்தரின் படங்களுக்கு இசையமைத்த அவருடைய பெயரை அறிந்திருந்தேனே தவிர, பாடல்களைத் தேடிக் கேட்டதில்லை. ராஃபிள்ஸ் பிளேஸில் இறங்கும்வரை அந்த ஒரே பாடலை நான்கு முறை கேட்டேன்.

இந்தப் பாடல் எனக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று யோசித்தபோது என் மகிழ்ச்சி இன்னும் கூடியது. இதன் முதன்மையான வேலைமுறை எளிமையானது. கோடிக்கணக்கானோர் தாங்களாகவே சேர்த்து வைத்திருக்கும் தொகுப்புகளில் எந்தெந்தப் பாடல்கள் அடிக்கடி ஒன்றாக இடம்பெறுகின்றன என்று அது பார்க்கிறது. நான் விரும்பிக் கேட்பவற்றோடு சேர்ந்து வருபவற்றில், நான் இன்னும் கேட்காததை எடுத்து எனக்குத் தருகிறது. அப்படியானால், மதுரையிலோ கோலாலம்பூரிலோ டொராண்டோவிலோ, விஸ்வநாதனுக்குப் பக்கத்தில் வி. குமாரை எடுத்து வைத்த யாரோ சிலர் இருக்கிறார்கள். அந்தக் கடைக்கார அண்ணனின் வேலையை இன்று முகம் தெரியாத ரசிகர்கள் பலர் சேர்ந்து செய்கிறார்கள். கணினி அவர்களுடைய தேர்வை என்னிடம் கொண்டுவந்து கொடுக்கிறது. இது புரிந்த பிறகு நானும் என் தொகுப்புகளை அக்கறையோடு அடுக்கத் தொடங்கினேன்.

ஒலித்தரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கட்டணக் கணக்கு வைத்திருப்பவர்கள் அமைப்புகளுக்குள் சென்று தரத்தைக் குறைந்தது நொடிக்கு 320 கிலோபிட்டுக்கு உயர்த்திக்கொள்ள வேண்டும். நல்ல காதணிக் கருவியில் கேட்டால் வீணையின் நாதம் முழுமையாகக் கேட்கிறது. பாடல்களை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்ளும் வசதி திருச்சி விமானத்தில் மிகவும் கைகொடுக்கிறது.

குறை ஒன்றை மனவருத்தத்தோடு சொல்ல வேண்டும். பழைய தமிழ்ப் பாடல்களை இணையத்தில் ஏற்றிய இசை நிறுவனங்கள் பல, விவரங்களில் அலட்சியம் காட்டியிருக்கின்றன. மறுவெளியீட்டின் ஆண்டே பாடலின் ஆண்டாக இடம்பெற்றுவிடுகிறது. பாடலாசிரியரின் பெயர் பல இடங்களில் இல்லவே இல்லை. ஒரே பாடகரின் பெயர் மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் மூன்று வெவ்வேறு ஆட்களாக நிற்கிறது. பாட்டு எழுதியவர் யார் என்று கேட்டுப் பழகிய நமக்கு இது சிறிய குறையன்று.

வானொலியை இது தள்ளிவைத்துவிட்டதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இல்லை. காலையில் சமையலறையில் இன்றும் சிங்கப்பூரின் தமிழ் வானொலியான ஒலி 96.8தான், செய்தியும் அறிவிப்பாளரின் குரலும், இதே பாடலை இந்நேரம் தேக்காவிலும் யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்ற உணர்வும் அதில்தான் கிடைக்கும். ஆனால் எல்லாருக்கும் பொதுவான வானொலியில், ஒரு படத்தின் அதிகம் பேசப்படாத நான்காவது பாடலுக்கு இடம் கிடைப்பது அரிது. அந்த நான்காவது பாடலுக்காகவே நான் இந்தச் சேவைக்கு மாதந்தோறும் வெள்ளியைக் கட்டுகிறேன்.

புதிதாகச் சேர்பவர்கள் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். அடுத்த திங்கட்கிழமை வந்ததும் முந்தைய வாரத்தின் 30 பாடல்களும் மறைந்துவிடும். பிடித்தவற்றை அதற்குள் எடுத்து வைத்துக்கொள்ளாவிட்டால் மறுபடி தேடிப் பிடிப்பது கடினம். ஞாயிறு இரவு உணவு முடிந்ததும் நான் அந்தப் பட்டியலை ஒருமுறை பார்த்து, தேறியவற்றை ‘பி பக்கம்’ என்று பெயரிட்ட தொகுப்பில் சேர்த்துவிடுகிறேன். அதில் இப்போது 212 பாடல்கள் இருக்கின்றன.