இடம் மாறுவது பெரிதா, தொகுதி மாறுவது பெரிதா? நீலகிரித் தைலக் கடையை முன்வைத்து ஓர் ஒப்பீடு

உதகமண்டலம் சேரிங் கிராஸ் பக்கம் உள்ள தைலக் கடைகளில் நீலகிரித் தைலமும், எலுமிச்சை வாசம் வீசும் சிட்ரியோடோரா தைலமும், ஜெரானியம் தைலமும், விண்டர்கிரீன் தைலமும் ஒரே தட்டில் வரிசையாக நிற்கும்; அடுத்த தட்டில் தேயிலைத் தூள் பொட்டலங்களும் வெனிலா மணக்கும் சாக்லேட்டும் இருக்கும். பதினோராம் வகுப்புக் கரிம வேதியியலில் அமைப்பு மாற்றியத்தை நடத்தும் ஆசிரியருக்கு இந்த இரண்டு தட்டுகளே போதும் என்று நினைக்கிறேன். பாடநூல்கள் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து கார்பன் கொண்ட மூலக்கூறுகளோடு நின்றுவிடுகின்றன. அவை எளியவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றை மட்டும் பார்த்துப் பழகிய மாணவருக்கு, வினைச்செயல் தொகுதி மாற்றியம்தான் பெரிய மாற்றம், இட மாற்றியம் அதற்கு அடுத்தபடியான சிறிய மாற்றம் என்ற எண்ணம் ஏற்பட்டுவிடுகிறது. அந்த வரிசை எவ்வளவு தூரம் சரி என்பதே இங்கே ஆராயப்படுகிறது.

ஒரே மூலக்கூறு வாய்பாடு கொண்ட இரு சேர்மங்களில் அணுக்கள் இணைந்திருக்கும் முறை வேறுபட்டால் அவை அமைப்பு மாற்றியங்கள். கார்பன் சட்டகமும், சேர்மத்தின் வினைகளைத் தீர்மானிக்கும் அணுக்கூட்டமான வினைச்செயல் தொகுதியும் ஒன்றாகவே இருந்து, தொகுதி பிணைந்துள்ள கார்பன் மட்டும் மாறினால் அது இட மாற்றியம். தொகுதியே வேறாகி, ஆல்கஹால் ஈதராகவோ, ஆல்டிஹைடு கீட்டோனாகவோ, அமிலம் எஸ்டராகவோ நின்றால் அது வினைச்செயல் தொகுதி மாற்றியம். சங்கிலி மாற்றியமும் (கார்பன் சட்டகமே மாறுவது) இணை மாற்றியமும் (ஒரே தொகுதியின் இருபுறமும் உள்ள கார்பன் சங்கிலிகள் மாறுவது) இந்த அலசலுக்குப் பக்கத் துணைகள் மட்டுமே.

தொகுதி மாற்றியத்தின் பக்கம் பேசும் வலுவான சான்று, எல்லோரும் அறிந்த எத்தனால், டைமெத்தில் ஈதர் இணைதான். இரண்டிலும் 2 கார்பன், 6 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். எத்தனால் 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் திரவம். டைமெத்தில் ஈதரோ பூச்சியத்துக்கு 24 டிகிரி கீழேயே கொதித்துவிடுவதால் அறை வெப்பநிலையில் வாயு. ஏறத்தாழ 100 டிகிரி இடைவெளி. எத்தனாலில் ஆக்சிஜனோடு ஒட்டிய ஹைட்ரஜன் அண்டை மூலக்கூறின் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கிறது. ஈதரில் அப்படிப் பற்றுவதற்கு ஹைட்ரஜனே இல்லை. சோடியத் துண்டு எத்தனாலில் ஹைட்ரஜன் வாயுவைக் குமிழியிட்டு வெளியேற்றும். ஈதரில் சும்மா கிடக்கும். (இந்தக் கொதிநிலைகள் கடல்மட்ட அழுத்தத்துக்கு உரியவை என்பதை மலைப்பகுதி ஆய்வகங்களில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் தண்ணீரே 92, 93 டிகிரியில் கொதித்துவிடும். எத்தனால் 72 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். செய்முறைத் தேர்வில் பாடநூல் எண்ணோடு ஒத்துப்போகவில்லை என்று மாணவரைக் குறை சொல்வது நியாயமாகாது.)

அசிட்டிக் அமிலம், மெத்தில் ஃபார்மேட் இணையும் இதே தீர்ப்பைத்தான் சொல்லும். அமிலம் 118 டிகிரியில் கொதிக்க, எஸ்டர் 32 டிகிரியில் கொதிக்கிறது. தூய அசிட்டிக் அமிலம் 16.6 டிகிரியில் உறைவதால், மார்கழிக் காலையில் ஊட்டி ஆய்வக அலமாரியில் அது புட்டிக்குள் கட்டியாகவே இருக்கும்.

ஆனால் புரோப்பனாலையும் புரோப்பனோனையும் எடுத்துக்கொண்டால் நிலைமை வேறு. முன்னது ஆல்டிஹைடு, 49 டிகிரியில் கொதிக்கும். பின்னது கீட்டோன், 56 டிகிரியில் கொதிக்கும். தொகுதி மாறியும் ஏழு டிகிரிதான் வேறுபாடு. டாலன்ஸ் வினைபொருளை (அம்மோனியா கலந்த வெள்ளி நைட்ரேட் கரைசல்) ஊற்றினால் மட்டும் ஆல்டிஹைடு வெள்ளி ஆடியைக் காட்டும், கீட்டோன் காட்டாது. ஆக, தொகுதி மாற்றியம் வேதிவினையைக் கட்டாயம் மாற்றுகிறது. இயற்பியல் பண்பை மாற்றுமா என்பது, மாறிய தொகுதி ஹைட்ரஜன் பிணைப்பை உண்டாக்கவோ இழக்கவோ செய்கிறதா என்பதைப் பொறுத்தது.

இனி 4 கார்பன், 10 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன் கொண்ட ஏழு மாற்றியங்களுக்கு வருவோம்: நான்கு ஆல்கஹால்கள், மூன்று ஈதர்கள். இங்கேதான் இட மாற்றியம் தன் பலத்தைக் காட்டத் தொடங்குகிறது. 2-மெத்தில்புரோப்பன்-1-ஆல், 2-மெத்தில்புரோப்பன்-2-ஆல் இரண்டும் ஒரே சட்டகம், ஒரே தொகுதி. ஆல்கஹாலுக்குரிய ஹைட்ராக்சில் (OH) ஒரு கார்பன் தள்ளி அமர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் முன்னது பூச்சியத்துக்கு 108 டிகிரி கீழேதான் உறையும். மூவிணைய (ஹைட்ராக்சில் தாங்கும் கார்பன் மூன்று கார்பன்களோடு பிணைந்த) பியூட்டைல் ஆல்கஹால் என்று அறியப்படும் பின்னதோ 25 டிகிரியை ஒட்டி உறைந்துவிடும். மேட்டுப்பாளையத்தில் திரவமாக ஏறும் புட்டி குன்னூர் தாண்டும்போது கட்டிப்படுவதற்கு இந்த எண்ணே காரணம். கரைதிறனும் அப்படியே. 100 மில்லி தண்ணீரில் முன்னது 8 கிராமுக்குச் சற்று மேல்தான் கரைகிறது. பின்னது எந்த அளவில் ஊற்றினாலும் கலந்துவிடுகிறது. பந்து போல் திரண்ட வடிவத்தால் படிகத்தில் எளிதில் அடுக்கிக்கொள்ளவும், நீர்வெறுக்கும் பரப்பு குறைந்திருப்பதால் தண்ணீரோடு இணங்கவும் அதற்கு முடிகிறது. தொகுதியே மாறிய டைஎத்தில் ஈதரின் கரைதிறன் ஏறத்தாழ 6 கிராம். பியூட்டன்-1-ஆலின் கரைதிறன் ஏறத்தாழ 8 கிராம். கரைதிறனை மட்டும் வைத்துப் பார்த்தால், ஆல்கஹாலை ஈதராக்கியதைவிட ஹைட்ராக்சிலை ஒரு கார்பன் நகர்த்தியதே பெரிய மாற்றம்.

தைலக் கடையின் மேல்தட்டுக்கு வருவோம். நீலகிரித் தைலத்தின் பெரும்பகுதி 1,8-சினியோல். தேயிலையின் மணத்தில் முக்கியப் பங்கு லினலூலுக்கும் ஜெரானியாலுக்கும் உண்டு. அசாம் வகைச் செடிகளில் லினலூல் மேலோங்கும், சீன வகைச் செடிகளில் ஜெரானியால் மேலோங்கும். ஜெரானியம் தைலத்திலும் இந்த இரண்டும் இருக்கின்றன. சிட்ரியோடோரா தைலத்தின் முதன்மைக் கூறு சிட்ரோனெல்லால். புதினா வகைத் தைலங்களில் மெந்தோன் இருக்கிறது. இந்த ஐந்துக்கும் வாய்பாடு ஒன்றே: 10 கார்பன், 18 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். மூலக்கூறு நிறை சுமார் 154.

வளையமும் இரட்டைப் பிணைப்பும் இல்லாத 10 கார்பன் சேர்மத்துக்கு 22 ஹைட்ரஜன் வேண்டும். இங்கே நான்கு குறைகிறது. அதாவது, ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு இடத்தில் வளையத்தாலோ இரட்டைப் பிணைப்பாலோ அந்தக் குறையை ஈடுகட்டியாக வேண்டும். சினியோல் இரண்டையும் வளையங்களாகவே கட்டிக்கொண்டது. அதன் ஆக்சிஜன் ஒரு பாலம் போல் வளையத்தின் குறுக்கே ஈதராக நிற்கிறது. லினலூலும் ஜெரானியாலும் வளையமே இல்லாத திறந்த சங்கிலிகள்; இரண்டு கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்புகளும் ஒரு ஹைட்ராக்சிலும் உண்டு. சிட்ரோனெல்லாலில் ஒரு கார்பன் இரட்டைப் பிணைப்பு, ஓர் ஆல்டிஹைடு. மெந்தோனில் ஒரு வளையம், ஒரு கீட்டோன். வாய்பாட்டைப் பார்த்தவுடன் இந்தக் கணக்கைப் போடும் பழக்கம் வந்துவிட்டால், மாற்றியங்களை எழுதச் சொல்லும் கேள்விகளில் பாதிப் பயம் போய்விடும்.

இவற்றின் கொதிநிலைகளை அடுக்கிப் பார்ப்பது பயனுள்ளது. சினியோல் 176 டிகிரி; லினலூல் 198; ஜெரானியால் 230. ஈதரிலிருந்து ஆல்கஹாலுக்குத் தாவியதில் கிடைத்த வேறுபாடு 22 டிகிரி. ஒரே ஆல்கஹால் வகைக்குள் ஹைட்ராக்சிலும் ஓர் இரட்டைப் பிணைப்பும் இடம் மாறியதில் கிடைத்த வேறுபாடு 32 டிகிரி! லினலூலில் ஹைட்ராக்சில் மூவிணையக் கார்பனில் நெருக்கடிக்குள் இருப்பதால் அண்டை மூலக்கூறுகள் அதை எளிதில் எட்ட முடிவதில்லை. ஜெரானியாலில் அது சங்கிலியின் நுனியில் திறந்தே இருக்கிறது. வேதிவினையிலும் வேறுபாடு சிறிதல்ல. ஜெரானியாலை மென்மையாக ஆக்சிஜனேற்றம் செய்தால் எலுமிச்சைப்புல் தைலத்துக்கு மணம் தரும் சிட்ரால் கிடைக்கும். மூவிணைய ஆல்கஹாலான லினலூலை அதே முறையில் நேரடியாக ஆல்டிஹைடாக்க இயலாது.

இருந்தாலும் சினியோலைத் தனித்துக் காட்டுவது தொகுதிதான் என்பதை மறுக்க முடியாது. சோடியத்தோடு அது வினைபுரியாது, இரட்டைப் பிணைப்பைக் காட்டிக்கொடுக்கும் புரோமின் நீரின் நிறத்தைப் போக்காது, டாலன்ஸோடும் அசையாது. வினைபுரியாமையே அதன் அடையாளம். ஆனால் ஈதர் ஆக்சிஜனுக்கு ஹைட்ரஜன் பிணைப்பைக் கொடுக்கத்தான் முடியாதே தவிர, பெற்றுக்கொள்ள முடியும். தைலத்தோடு ஆர்த்தோ-கிரெசாலைச் சேர்த்தால் கிரெசாலின் ஹைட்ராக்சில் சினியோலின் ஆக்சிஜனோடு பிணைந்து படிகக் கூட்டு உண்டாகிறது. அந்தக் கலவை எந்த வெப்பநிலையில் உறைகிறது என்று அளந்து, தைலத்தில் சினியோல் எத்தனை சதவீதம் என்று கணக்கிடுவது மருந்தியல் நூல்களில் இடம்பெற்ற பழைய, நம்பகமான முறை. கற்பூர மரத்துச் (யூகலிப்டஸ்) சருகைக் கூட்டிவந்து விறகடுப்பில் காய்ச்சி இறக்கும் மலைக் கொட்டகைத் தைலத்தின் தரத்தையும் இப்படியே சோதிக்கலாம்.

இட மாற்றியத்துக்கு ஆதரவான மிகக் கூர்மையான சான்று விண்டர்கிரீன் புட்டியில் இருக்கிறது. நீலகிரியின் சோலை ஓரங்களில் வளரும் கால்தேரியா செடியின் இலையிலிருந்து இறக்கும் இந்தத் தைலம் ஏறக்குறைய முழுவதும் மெத்தில் சாலிசிலேட்: 8 கார்பன், 8 ஹைட்ரஜன், 3 ஆக்சிஜன். சாக்லேட்டில் சேரும் வெனிலினுக்கும் இதே வாய்பாடுதான். முன்னது எஸ்டரும் ஃபீனாலும் (பென்சீன் வளையத்தில் நேரடியாக அமர்ந்த ஹைட்ராக்சில்). பின்னது ஆல்டிஹைடும் ஈதரும் ஃபீனாலும். இது தெளிவான தொகுதி மாற்றியம். வெனிலின் சுமார் 82 டிகிரியில் உருகும் வெள்ளைத் திண்மம். மெத்தில் சாலிசிலேட் பூச்சியத்துக்குக் கீழே 8 டிகிரியில்தான் உறைகிறது. இப்போது தொகுதிகளை மாற்றாமல் மெத்தில் சாலிசிலேட்டின் ஹைட்ராக்சிலை மட்டும் ஆர்த்தோ இடத்திலிருந்து (வளையத்தில் எஸ்டருக்கு அடுத்த கார்பன்) பாரா இடத்துக்கு (எஸ்டருக்கு நேர் எதிர்க் கார்பன்) நகர்த்துவோம். கிடைப்பது மெத்தில்பாராபென்; முகப்பூச்சுகளில் கெடாமல் காக்கச் சேர்க்கும் பொருள். அதன் உருகுநிலை சுமார் 126 டிகிரி. தொகுதி மாற்றம் உருகுநிலையை 90 டிகிரி உயர்த்தியது. வெறும் இட மாற்றம் 130 டிகிரிக்கு மேல் உயர்த்திவிட்டது. ஆர்த்தோ இடத்தில் இருக்கும் ஹைட்ராக்சில் தன் பக்கத்து எஸ்டரின் ஆக்சிஜனையே பிடித்துக்கொள்வதால் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றுவதில்லை. பாரா இடத்துக்குப் போனபின் பக்கத்தில் பிடிக்க எதுவும் இல்லாததால் அது அடுத்த மூலக்கூறை நாடுகிறது.

உடலில் காட்டும் விளைவும் அவ்வாறே பிரிகிறது. வெனிலினும் மெத்தில்பாராபெனும் அளவோடு உணவிலேயே சேர்க்கப்படுபவை. விண்டர்கிரீன் தைலமோ ஒரு தேக்கரண்டி உள்ளே போனாலே சிறு குழந்தைக்கு உயிராபத்து. கைக்கு எட்டும் தட்டில் அதை வைக்கவே கூடாது. இந்த மூன்றுமே ஃபீனால்கள் என்பதால், ஃபெரிக் குளோரைடை ஊற்றி ஊதா நிறத்தைப் பார்த்து இன்னதென்று சொல்லிவிடலாம் என நம்புபவர் ஏமாறுவார். தொகுதி மாற்றியங்கள் என்று பெயர் பெற்றாலும் ஒரு தொகுதியைப் பொதுவாக வைத்திருக்கும் இணைகளில், எந்தத் தொகுதி வேறுபடுகிறதோ அதற்குரிய சோதனையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்: வெனிலினுக்கு ஆல்டிஹைடு சோதனை, மற்ற இரண்டுக்கும் உருகுநிலை.

ஆகவே என் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. ஒரு சேர்மம் எந்த வகை வினைகளில் ஈடுபடும் என்ற கேள்விக்கு வினைச்செயல் தொகுதி மாற்றியமே முதன்மையானது. பாடநூல் வரிசை இதில் சரி. உருகுநிலை, கரைதிறன், ஆவியாகும் தன்மை என்று கேட்டால், ஹைட்ரஜன் பிணைப்பு யாரோடு யார் ஏற்படுத்த முடியும் என்பதே முடிவு செய்கிறது; அதை இட மாற்றியமும் சமமாகவே புரட்டிப் போடும், சில இடங்களில் மிஞ்சியும் விடும்.

சோதனை வரிசையும் இதற்கேற்பவே அமைய வேண்டும். பெயர் தெரியாத புட்டியைக் கையில் கொடுத்தால் முதலில் சோடியம், புரோமின் நீர், டாலன்ஸ் ஆகியவற்றால் தொகுதியைத் தீர்மானிக்கலாம். இடத்தைத் தீர்மானிக்க அதன்பின் உருகுநிலையோ லூகாஸ் சோதனையோ (துத்தநாகக் குளோரைடு கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆல்கஹால் எவ்வளவு விரைவில் கலங்குகிறது என்று பார்ப்பது) உதவும். லூகாஸில் மட்டும் இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். ஆறு கார்பனுக்கு மேற்பட்ட ஆல்கஹால்கள் அந்த வினைபொருளில் சரியாகக் கரையாததால், லினலூலுக்கும் ஜெரானியாலுக்கும் அது பயன்படாது. பியூட்டனால்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மேலும், ஈரிணைய ஆல்கஹால் (ஹைட்ராக்சில் தாங்கும் கார்பன் இரண்டு கார்பன்களோடு பிணைந்தது) ஐந்து நிமிடத்துக்குள் கலங்கும் என்று பாடநூல் சொல்வது 25 டிகிரியை ஒட்டிய அறைக்குப் பொருந்தும். தை மாதத்து ஊட்டி ஆய்வகத்தில் பியூட்டன்-2-ஆல் அதற்கு மேலும் தாமதிக்கும். அதை ஓரிணைய ஆல்கஹால் என்று எழுதிவிடாமல், சோதனைக் குழாயை 25 டிகிரித் தண்ணீரில் நிறுத்தி வைத்துப் பார்ப்பது நல்லது.