எதிரே வருகிறவர் பார்க்காவிட்டால்? மலைநாட்டு பைக்காரருக்கு எது உதவும், எது உதவாது

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் பைக் ஓட்டுகிறவர்களிடம் பாதுகாப்பைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். நல்ல ஹோர்ன் போடு என்பார் ஒருவர், பளிச்சென்ற மஞ்சள் ஜாக்கெட் போடு என்பார் இன்னொருவர், இதெல்லாம் சும்மா, ஏபிஎஸ் (பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கிற அமைப்பு) உள்ள பைக்கை வாங்கு என்பார் மூன்றாமவர். எல்லாவற்றையும் வாங்க எல்லாரிடமும் காசு இல்லை. அதனால் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் தரம் பிரிக்கிறேன்: எதிரே வருகிற டிரைவர் நம்மைக் கவனிக்கவே இல்லை என்றாலும் இது வேலை செய்யுமா?

முதலில் ஹோர்ன். முடக்குக்கு முன்னால் ஒரு தடவை அடிப்பது நம் ஊர் வழக்கம், அதை விடக்கூடாது. ஆனால் கண்ணாடியை மூடி ஏசி போட்டு, பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு வருகிற வேனுக்குள் அது எவ்வளவு கேட்கும்? வாடகை ஆட்டோவைத் தானே ஓட்டிக்கொண்டு வருகிற வெள்ளைக்காரருக்கோ நீங்கள் திட்டுகிறீர்கள் என்றுதான் தோன்றும்.

மஞ்சள் ஜாக்கெட்டும் பகலில் எரிகிற ஹெட்லைட்டும் ஹோர்னைவிட ஒரு படி மேல். பனிமூட்டத்தில் கறுப்பு ரெயின்கோட் போட்டவரை ரோட்டோடு ரோட்டாகத்தான் கண் எடுத்துக்கொள்ளும். லோ பீம் போதும், ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். ஆனாலும் இவை எல்லாம் அடுத்தவர் திரும்பிப் பார்த்தால்தான் பயன். பார்த்தும் தெரியாமல் போவதுண்டு. பைக்கின் முன்பக்கம் ஒடுக்கம், நேராக நம்மை நோக்கி வருகிற பொருள் கடைசி நொடி வரை அசையாமல் நிற்கிற மாதிரியே இருக்கும், அப்புறம் சட்டென்று பெரிதாகும். கார் கண்ணாடியின் ஓரத்துத் தூண் ஒன்றே ஒரு பைக்கை முழுசாக மறைத்துவிடும். சென் கிளயர், டெவன் நீர்வீழ்ச்சிகள் தெரிகிற இடங்களில் டிரைவரின் கண் எங்கே இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 2023 ஜனவரியில் நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில் பஸ் ஒன்று வேனையும் ஆட்டோவையும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். அப்படி ஒரு பஸ் வரும்போது எந்த ஜாக்கெட் என்ன செய்யும்?

ஆகவே காசு முதலில் போக வேண்டியது ஹெல்மெட்டுக்கு. அடுத்தவர் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது தன் வேலையைச் செய்யும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2008ஆம் ஆண்டின் கொக்ரேன் மதிப்பாய்வு ஹெல்மெட் மரண அபாயத்தை சுமார் 42 வீதமும் தலைக்காயத்தை சுமார் 69 வீதமும் குறைப்பதாகச் சொல்கிறது. இது தலையில் இருக்கிற ஹெல்மெட்டுக்கான கணக்கு. தோட்டத்து ரோட்டில் முழங்கையில் தொங்கவிட்டு, டவுனில் பொலிஸ் நிற்கிற இடத்துக்கு முன்னால் மாட்டிக்கொள்கிறோமே, அதற்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

அதிலும் திறந்த முகமா, முழு முகமா? திறந்ததில் காற்று நன்றாக வரும், வெற்றிலை போடலாம், தெரிந்தவரைக் கண்டால் பேசலாம், விலையும் குறைவு. ஆனால் எதிரே வருகிற வாகனத்தில் மோதி முன்னால் தூக்கி எறியப்படுகிறவருக்கு முகத்திலும் தாடையிலும் அடிபடலாம். திறந்த ஹெல்மெட்டில் அங்கே ஒன்றுமே இல்லை. முழு முகத்தின் தொல்லை பனி: நானுஓயாக் குளிரில் மூச்சுப் பட்டு முன்கண்ணாடி வெள்ளையாகிவிடும், ரோடே தெரியாது. கண்ணாடியை ஒரு விரல் அளவு திறந்து வைக்கலாம், உள்பக்கம் பாத்திரம் கழுவுகிற திரவத்தை மெல்லத் தடவி உலரத் துடைத்தால் கொஞ்ச நேரம் தாங்கும், காசிருந்தால் பனி படியாத தாள் ஒட்டலாம். 2015இல் திருட்டைக் காரணம் காட்டி முழு முக ஹெல்மெட்டைத் தடை செய்யப் பார்த்து விஷயம் நீதிமன்றம் வரை போனது பலருக்கு ஞாபகமிருக்கும். இன்றும் வங்கிக்குள் போகும்போது கழற்றத்தான் வேண்டும், அது பெரிய கஷ்டமா என்ன? என் ஓட்டு முழு முகத்துக்கே. எஸ்எல்எஸ் (இலங்கைத் தரம்) அல்லது ஈசிஈ (ஐரோப்பியத் தரம்) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், தலையை உலுக்கினால் ஹெல்மெட் ஆடக்கூடாது. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டின் உள்ளே அடியைத் தாங்குகிற ரெஜிபோம் நுரை நசுங்கியிருக்கும், வெளியே கீறல் மட்டும்தான் தெரியும். பாவித்த ஹெல்மெட்டை மலிவென்று வாங்க வேண்டாம் என்பது அதனால்தான்.

காசே செலவில்லாத தெரிவு ஒன்று இருக்கிறது: முடக்கில் எந்தப் பக்கமாகப் போவது? இடது முடக்கில் நடுக்கோட்டை ஒட்டிப் போனால் தூரம் தெரியும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கமே எல்லாரும் இருக்கிற ரோட்டுக்கு அது சரி. இங்கே எதிரே வருகிறவர் முடக்கை வெட்டிக்கொண்டு உங்கள் பாதிக்குள் வருவார். வலது முடக்கிலும் நிம்மதி இல்லை, நீளமான பஸ் தன் பின்சக்கரம் ரோட்டோரக் கானுக்குள் இறங்காமல் இருக்க அகலமாக வீசித்தான் திரும்ப வேண்டும், வேறு வழியில்லை. ஆகவே இடது பாதியின் நடுவில் போங்கள், ஓரத்துக்கே போனால் மண்ணும் சரளையும். பார்வை குறைவதை வேகத்தைக் குறைத்து ஈடுகட்டுங்கள். மணிக்கு 40 கிலோமீற்றரில் ஒரு நொடிக்கு 11 மீற்றர் ஓடுகிறது, எதிரே வருபவரும் அதே வேகம் என்றால் இருவருக்கும் இடையில் நொடிக்கு 22 மீற்றர் குறைகிறது. தெரிகிற தூரத்தின் பாதிக்குள் நிறுத்த முடிகிற வேகம்தான் சரியான வேகம். பின்னால் வருகிற பஸ் ஹோர்ன் அடித்தால் அடிக்கட்டும், இடம் கிடைக்கும்போது விட்டுவிடலாம்.

ஸ்கூட்டியா, கியர் பைக்கா என்றால் இறக்கத்துக்குக் கியர் பைக்தான். நுவரெலியா சுமார் 1,870 மீற்றர் உயரம், கண்டி சுமார் 500. அந்த இறக்கம் முழுக்கப் பிரேக்கையே பிடித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிமானம் குறையும், அவசரத்துக்கு அழுத்தும்போது பாதிதான் கிடைக்கும். கியர் பைக்கை இரண்டாவதில் போட்டால் எஞ்ஜினே இழுத்துப் பிடிக்கும். ஸ்கூட்டியில் வேகம் நன்றாகக் குறைந்ததும் கிளட்ச் விட்டுவிடும், அப்புறம் பிரேக் மட்டும்தான். ஏபிஎஸ் நல்லது, ஈர ரோட்டில் பதறிப்போய் அழுத்தினாலும் சக்கரம் பூட்டாது. ஆனால் முடக்கில் சாய்ந்திருக்கும்போது சாதாரண ஏபிஎஸ் முழுசாகக் காப்பாற்றாது. 2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் மறுபடி திறந்தது, நம்மில் பலர் பழைய பைக்கில்தான் ஓடுகிறோம். ஏபிஎஸ் இல்லையே என்று கவலைப்படுவதற்கு முன் தேய்ந்த டயரை மாற்றுங்கள்.

இத்தனைக்கும் பிறகு விழுந்துவிட்டால் ஆட்டோவா, 1990க்குப் போன் செய்தால் வருகிற சுவசெரிய அம்புலன்ஸா? நம் ஆட்கள் நல்ல மனதோடு ஓடி வந்து, ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றி, தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்கார வைப்பார்கள். கழுத்திலோ முதுகிலோ அடி இருந்தால் அந்த மடக்கலே கையையும் காலையும் நிரந்தரமாக முடக்கிவிடலாம். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், படுக்க வைத்து அசையாமல் கொண்டுபோகத் தெரிந்தவர்கள் அதில் வருவார்கள். அது வரும்வரை இரத்தம் வருகிற இடத்தைத் துணியால் அழுத்திப் பிடியுங்கள், மூச்சு இருக்கிறதென்றால் ஹெல்மெட்டைத் தொட வேண்டாம். மூச்சு இல்லையென்றால் ஒருவர் கழுத்தைத் தாங்கிப் பிடிக்க இன்னொருவர் மெல்லக் கழற்றலாம். கழுத்தோ முதுகோ வலிக்காமல் கையில் மட்டும் முறிவு என்றால் ஆட்டோ போதும். போனில் இடம் சொல்லும்போது ‘பெரிய முடக்குப் பக்கம்’ என்றால் ஒருவருக்கும் புரியாது, தோட்டத்தின் பெயர், டிவிஷன், பக்கத்துக் கிலோமீற்றர் கல்லின் எண் மூன்றையும் சொல்லுங்கள்.