4கே டிஸ்க் பிளேயர்: கோலாலம்பூரில் எதை வாங்கலாம், எதை விடலாம்

பானாசோனிக் யூபி820, அதன் தம்பி யூபி420, சோனி எக்ஸ்700. 4கே டிஸ்க் (ப்ளூ-ரேயின் 4கே வடிவம்) பிளேயர் என்று தேடுபவர்கள் கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் இந்த மூன்றில்தான். ஓப்போ 2018இலேயே பிளேயர் தயாரிப்பை நிறுத்தியது, சாம்சுங் 2019இல் கைகழுவியது, எல்ஜியும் ஒதுங்கிவிட்டது. வாங்க நினைப்பவர்கள் விலை இறங்கட்டும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை.

டிஸ்க் என்றாலே “இதுவும் எச்டி டிவிடி மாதிரி ஆகிவிடுமா” என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானதே. 2006இல் ப்ளூ-ரேயும் எச்டி டிவிடியும் ஒரே ஆண்டில் களமிறங்கின. ஒன்றின் டிஸ்க் மற்றதில் ஓடாது. 2008 ஜனவரியில் வார்னர் பட நிறுவனம் ப்ளூ-ரே பக்கம் சாய்ந்தது; பிப்ரவரி 19 அன்று தோஷிபா எச்டி டிவிடியைக் கைவிட்டது. அதை வாங்கியவர்கள் கையில் புதுப் படம் வராத பெட்டிதான் மிஞ்சியது. மலேசியத் தமிழ் வீடுகளை அந்தச் சண்டை அதிகம் தொடவில்லை. அப்போது நம் கையில் இருந்தது விசிடியும் டிவிடியும். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்போ பின்போ எழுந்து போய் இரண்டாவது டிஸ்க்கை மாற்றிய காலம் அது.

இப்போது போட்டி டால்பி விஷனுக்கும் எச்டிஆர்10+க்கும். இரண்டும் எச்டிஆரின், அதாவது வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதல் நுணுக்கத்தோடு காட்டும் நுட்பத்தின், வகைகள். இதில் தவறாகத் தேர்ந்தெடுத்தாலும் முதலுக்கு மோசமில்லை. எச்டிஆர் உள்ள 4கே டிஸ்க் எதிலும் எச்டிஆர்10 அடிப்படையாக இருக்கும்; அதன் மேல் சேர்த்த டால்பி விஷனோ எச்டிஆர்10+ஓ உங்கள் டிவிக்குப் புரியாவிட்டால் அடிப்படை ஓடும். சாம்சுங் டிவி டால்பி விஷனை ஏற்காது. அந்த வீட்டுக்கு, டால்பி விஷன் இல்லாமல் எச்டிஆர்10+ மட்டும் தரும் யூபி420 போதும். டால்பி விஷன் உள்ள எல்ஜி அல்லது சோனி டிவிக்கு எக்ஸ்700 பொருந்தும், ஆனால் அதில் எச்டிஆர்10+ கிடையாது. இரண்டும் வேண்டுமென்றால் யூபி820தான். எங்கள் தேர்வும் அதுவே, அதற்குக் காரணம் டால்பி விஷன் மட்டுமல்ல. எச்டிஆர் ஆப்டிமைசர் என்ற வசதி இதில் இருக்கிறது. டிவி எவ்வளவு ஒளி தரும் என்று மெனுவில் சொல்லிவிட்டால், வெளிச்சமான இடங்கள் வெளுத்துப் போகாமல் பிளேயரே அடக்கித் தரும். நடுத்தர விலை எல்சிடி டிவிகளில் வானம், வெள்ளைச் சட்டை, விளக்கு வெளிச்சம் மூன்றிலும் வித்தியாசம் உடனே தெரியும்.

கையைச் சுடுவது ரீஜன்: ஒரு வட்டாரத்து டிஸ்க் இன்னொரு வட்டாரத்து பிளேயரில் ஓடாதபடி போடும் பூட்டு. சாதாரண ப்ளூ-ரேயில் மலேசியா ஏ, இந்தியா சி, இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் பி. அமெரிக்காவும் ஜப்பானும் நம்மோடு ஏயில் இருப்பதால் அங்கிருந்து வரும் டிஸ்க் தொல்லை தராது. 4கே டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டு இல்லை. ஆனால் லண்டனிலிருந்து வரவழைத்த அதே பெட்டிக்குள் இருக்கும் சாதாரண ப்ளூ-ரே பி பூட்டோடு இருக்கலாம். கூடுதல் காட்சிகள் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். சென்னைக்குப் போகிறவரிடம் பிளேயரையே வாங்கி வரச் சொல்வது அதைவிட மோசம். மின்சாரம் ஒத்துப்போகும், பிளக்கை மாற்றிக்கொள்ளலாம், ரீஜன் சி மட்டும் மெனுவில் மாறாது. ஜப்பானிலிருந்து வந்த பெட்டியில் சிக்கல் தலைகீழ்: ரீஜன் சரி, ஆனால் பின்புறம் 100 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் நம் சுவரில் நேராகச் செருகியதும் புகைதான்.

தமிழ்ப் படம் பார்க்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் இந்தச் செலவு வேண்டாம். தமிழில் 4கே டிஸ்க் கிடைப்பது குதிரைக்கொம்பு, ப்ளூ-ரேயே சொற்பம். மஸ்ஜிட் இந்தியாவிலும் பிரிக்பீல்ட்ஸிலும் வாங்கிச் சேர்த்த “ஒரே டிஸ்க்கில் மூன்று படம்” டிவிடிகளை எந்த பிளேயராலும் காப்பாற்ற முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 8.5 ஜிபி இடத்தில் ஏழரை மணி நேரப் படம் என்றால், ஒலியும் சேர்த்து நொடிக்குச் சுமார் 2.5 மெகாபிட்தான் வரும். நடனக் காட்சியில் கூட்டம் அசைந்ததும் முகங்கள் சதுரம் சதுரமாக உடைவது அதனால்தான். பிளேயர் அதை 4கேவுக்குப் பெருக்கும்போது சதுரங்களும் சேர்ந்து பெருகும். விசிடி குவியல் இருந்தால் ஒன்றைக் கடைக்கு எடுத்துப் போய்ப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். புதிய பிளேயர்கள் பல விசிடியைத் தொடுவதில்லை.

ஆங்கிலம், ஜப்பானியம், கொரியன் என்று எல்லாம் பார்ப்பவருக்குக் கதை வேறு. நெட்ஃபிளிக்ஸ் 4கேவுக்குக் கேட்பது 15 மெகாபிட் இணைய வேகம். 100 ஜிபி டிஸ்க் 128 மெகாபிட் வரை போகும். இருட்டுக் காட்சியில், புகையில், கடலுக்கடியில் இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம். ஒலியில் இன்னும் அதிகம்: ஸ்ட்ரீமிங்கில் வரும் அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டால்பி முறை) தரம் இழந்து சுருக்கப்பட்டது, டிஸ்க்கில் அதைச் சுமந்து வரும் ட்ரூஎச்டி சுருக்கினாலும் எதையும் இழக்காதது. டிவி ஸ்பீக்கரில்தான் கேட்கப் போகிறீர்கள் என்றால் இதை மறந்துவிடுங்கள்.

வாங்கிய பிறகு “படம் மங்கலா இருக்கே” என்று கடைக்குத் திரும்பும் பலருக்குக் கோளாறு பிளேயரில் இல்லை. பிளேயர் செருகிய எச்டிஎம்ஐ போர்ட் முழுத் தரத்தை ஏற்கும் அமைப்பை டிவியில் இயக்க வேண்டும்: எல்ஜியில் டீப் கலர், சாம்சுங்கில் இன்புட் சிக்னல் பிளஸ். கேபிள் 18 ஜிகாபிட் தாங்க வேண்டும். பழைய கேபிளில் திரை அவ்வப்போது கறுத்து மீளும். எக்ஸ்700இல் டால்பி விஷனை டிஸ்க்குக்குத் தகுந்தபடி நீங்களேதான் மெனுவில் போட்டு அணைக்க வேண்டும், இந்த விலைக்கு இது எரிச்சல். அட்மாஸ் வரவில்லையா? ஒலி வெளியீட்டை பிட்ஸ்ட்ரீமுக்கு மாற்றி, சோனியில் பிடி ஆடியோ மிக்ஸை, பானாசோனிக்கில் செகண்டரி ஆடியோவை அணையுங்கள். சவுண்ட்பாரை டிவி வழியாக இணைத்தால் இரண்டிலும் இஏஆர்சி (டிவியிலிருந்து ஒலியை எச்டிஎம்ஐ வழியே அனுப்பும் புதிய வசதி) இருக்க வேண்டும். அதன் பழைய வடிவமான வெறும் ஏஆர்சி ட்ரூஎச்டியைக் கடத்தாது.

படம் நடுவே உறைந்து நிற்பது 100 ஜிபி டிஸ்க்குகளின் பிரபலமான வியாதி. ப்ளூ-ரேயில் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மி.மீ. ஆழத்தில்தான் இருக்கிறது, டிவிடியில் 0.6. டிவிடி பொருட்படுத்தாத விரல் ரேகை இங்கே லேசரை மறைத்துவிடும். மென்மையான மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாக அல்ல. கேஎல், பினாங்கு ஈரப்பதத்துக்கு டிஸ்க்கை பிளாஸ்டிக் உறையில் திணித்து வைக்காமல் அதன் பெட்டியிலேயே வையுங்கள். துடைத்தும் அதே இடத்தில் நின்றால் டிஸ்க்கில் பிழை. பல டிஸ்க்குகள் வெவ்வேறு இடங்களில் நின்றால் பிளேயரில் பிழை. மாற்றித் தரும் தவணை முடிவதற்குள் ஒரு 100 ஜிபி டிஸ்க்கை முதலிலிருந்து கடைசிவரை தாண்டாமல் ஓட்டிவிடுங்கள். பெட்டியையும் ரசீதையும் அதுவரை தூக்கி எறிய வேண்டாம்.