உச்சிப்புளி பட்டறையில் ஒரு எம்.ஜி. டி.சி.: மரவேலைக்கு நம்பி விடலாம், பெயின்ட் அன்று பக்கத்தில் நில்லுங்கள்

ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் போகிற சாலையில், உச்சிப்புளி தாண்டியதும் இருக்கிறது இந்தப் பட்டறை. அன்றாடம் ஜீப்பும் அம்பாசடரும்தான். அங்கே 1948-ஆம் வருட எம்.ஜி. டி.சி. ஒன்றை சேஸிஸ் வரை பிரித்துப் பூட்டியிருக்கிறார்கள். இந்த மதிப்பீடு அந்த வேலையைப் பற்றியது.

டி.சி. 1945 முதல் 1949 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். மொத்தம் சுமார் 10,000 வண்டிகள், எல்லாமே வலப்பக்க ஸ்டீயரிங். 1250 சிசி என்ஜின், இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர், 19 அங்குலக் கம்பி வீல். வெளியே இரும்புத் தகடு, உள்ளே ஆஷ் மரச்சட்டம். கடற்கரையில் கிடந்தால் இரும்பை உப்பும் மரத்தைக் கரையானும் பார்த்துக்கொள்ளும்.

இந்தப் பட்டறையின் பெரிய பலம், ஸ்பானரைத் தொடுவதற்கு முன்பே நம்பரைத் தேடுவது. டி.சி.யின் சேஸிஸ் நம்பர் முன்பக்க இடது சட்ட நுனியில், ஸ்பிரிங் மாட்டும் இடத்தருகே நேரடியாக இரும்பில் குத்தப்பட்டிருக்கும். வரிசை 0251-இல் தொடங்குகிறது. 251 என்பது அபிங்டன் தொழிற்சாலையின் அன்றைய தொலைபேசி எண். பித்தளைத் தகட்டிலும் இதே நம்பர் உண்டு, ஆனால் தகட்டை எவரும் கழற்றி வேறு வண்டியில் அடிக்கலாம், அதனால் இரும்பில் இருப்பதுதான் சாட்சி. பட்டறையில் மண்ணெண்ணெய் துணியால் துருவைத் துடைத்து, காகிதம் வைத்து பென்சில் பிரின்ட் எடுத்தார்கள். எடுத்த கையோடு அந்த இடத்தை மூன்று சுற்று டேப் ஒட்டி மூடிவிட்டார்கள். கிரைண்டர் ஒருமுறை அதன் மேல் ஓடினால் வண்டியின் பிறப்புச் சான்றிதழ் போய்விடும். வேறு இடங்களில் பட்டி பூசி மறைத்த நம்பர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த டேப்பின் அருமை புரியும்.

என்ஜின் நம்பர் பிளாக்கில் அடித்த எண்கோணப் பித்தளைத் தகட்டில் இருக்கும். அதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஹெட்டைத் திறந்தால், டி.சி. காலத்து பிளாக்கில் தண்ணீர்த் துளைகள் வாழைப்பழம் போல வளைந்திருக்கும். வட்டமாக இருந்தால் அது டி.சி.க்கு அடுத்து வந்த டி.டி. மாடல் காலத்து என்ஜின். இந்த வண்டியில் வளைந்த துளைதான்.

அடுத்தது காகிதம். ஆர்.சி. புத்தகத்தின் பெயர் மாற்றப் பக்கங்களில் தேதி, விலாசம், எந்த அலுவலக முத்திரை என்று மூன்றையும் வரிசையாக எழுதிக்கொண்டு, நடுவே விட்டுப்போன கண்ணியைத் தேடுகிறார்கள். இந்தப் பகுதிக்கு ஒரு சிக்கல் உண்டு. பழைய ராமநாதபுரம் மாவட்டம் 1985-இல் மூன்றாகப் பிரிந்தது. காரைக்குடி, சிவகங்கை, விருதுநகர் எல்லாம் அதற்கு முன் ஒரே மாவட்டம். ஆகவே பழைய பதிவேடு இன்றைய ராமநாதபுரம் அலுவலகத்தில்தான் இருக்கும் என்று உட்கார்ந்துவிடக்கூடாது. பழைய மூன்றெழுத்து நம்பர்கள் பல கணினியில் ஏறவே இல்லை. நேரில் மனு கொடுத்து ஏட்டைப் புரட்டச் சொல்ல வேண்டும். பதிவான உரிமையாளர் இறந்து, பிள்ளைகளில் ஒருவர் வெள்ளைத்தாளில் விற்றிருந்தால் படிவம் 31, வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் கேட்பார்கள். இதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

கதைகளையும் உரசிப் பார்க்க வேண்டும். "அறுபதுகளில் தினமும் ராமேஸ்வரத்துக்கு ஓடிய வண்டி" என்று விற்பவர் சொன்னால், பாம்பன் சாலைப் பாலம் திறந்தது 1988 அக்டோபரில் என்பதை நினைவில் வையுங்கள். அதற்கு முன் தீவுக்கு ரயிலில் ஏற்றித்தான் கார் போக முடியும்.

மரவேலைதான் இங்கே முதல் தரம். கதவைத் திறந்து நுனியைத் தூக்கிப் பார்த்தால் கீல் தூண் உளுத்திருப்பது தெரிந்துவிடும். இந்த வண்டியில் இரண்டு தூணும், அடியில் ஓடும் நீளச் சட்டமும் போயிருந்தன. கீழக்கரையிலிருந்து படகு கட்டும் தச்சரான ஒரு ஓடாவியை வரவழைத்தார்கள். வள்ளத்துக்கு வங்கு, அதாவது வளைந்த விலாச்சட்டம், வைத்த கை அது, வளைவைக் கண்ணாலேயே பிடிக்கிறது. ஆஷ் கிடைக்காததால் தேக்கு. எடை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் தேக்கில் எண்ணெய்ப்பசை அதிகம், எபாக்ஸி பசை தடவும் முன் அசிட்டோனால் துடைத்து உடனே ஒட்டாவிட்டால் சீக்கிரமே இணைப்பு விட்டுவிடும். அதைச் சரியாகச் செய்தார்கள். வெட்டுமுனைகளுக்கு இரண்டு கை எபாக்ஸியும் கொடுத்தார்கள். பித்தளைத் திருகாணி மட்டும் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். படகில் அது நல்ல பழக்கம், இங்கே இரும்புத் தகட்டோடு சேர்ந்தால் உப்புக்காற்றில் தகடுதான் முதலில் அரிக்கும்.

என்ஜின் வேலை சுமார். இந்த என்ஜினின் ஆணிகள் (போல்ட்) விசித்திரமானவை: புரி மெட்ரிக், தலை வித்வொர்த் என்ற பழைய ஆங்கிலேய அளவு. 8 மி.மீ. ஆணிக்குப் புரி இடைவெளி 1 மி.மீ., கடையில் கிடைக்கும் சாதாரண 8 மி.மீ. ஆணிக்கு 1.25. இரண்டு சுற்று ஏறும், மூன்றாவதில் இறுகும், அழுத்தினால் பிளாக்கின் புரி போச்சு. இங்கே ஒரு துளை அப்படித்தான் கெட்டு, லேத்தில் புஷ் போட்டு மீட்டார்கள். பழைய புல்லட் வேலை பார்ப்பவர்களிடம் வித்வொர்த் ஸ்பானர் கிடைக்கும். ஆணியை மட்டும் பழையதையே கழுவிப் பூட்டுங்கள். வால்வு இடைவெளியும் முதலில் 0.012 அங்குலம் வைத்துவிட்டார்கள். அது பின்னாள் கேம்ஷாஃப்ட்டுக்கான அளவு. டி.சி.க்கு 0.019. எலக்ட்ரீஷியனிடம், பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியில் சேரும் என்று எழுதியே ஒட்டிவிடுங்கள்.

குறை சொல்ல வேண்டியது துரு நீக்குவதில். முதல்நாள் கடல்மணலைச் சலித்து பிளாஸ்டிங் செய்ய, அதாவது காற்றழுத்தத்தில் மணலை அடித்துத் துருவை எடுக்க, தயாராக இருந்தார்கள். கூடவே கூடாது. அதிலுள்ள உப்பு இரும்பின் நுண்குழிக்குள் உட்கார்ந்து பெயின்டுக்கு அடியிலிருந்து கொப்பளிக்கும். அடிக்கிறவரின் நுரையீரலுக்கும் அந்தத் தூசி கேடு. கார்னெட் என்ற கனிமத் துகளை வரவழைத்து சேஸிஸை மட்டும் அடித்தார்கள், அது நன்றாக வந்தது. மட்கார்டு, கதவுத் தகடுகளுக்குக் காற்றழுத்தம் வேண்டாம், நெளிந்துவிடும். ரசாயன ஸ்டிரிப்பர் போதும். பிறகு கழுவினார்களே, அங்கேதான் வினை. போர் தண்ணீர். இந்தப் பக்கத்துப் போர் தண்ணீரை நாக்கில் வைத்தாலே கரிக்கும். மறுநாள் காலையில் சேஸிஸ் முழுக்க மஞ்சள் படலம். மறுபடி அடித்து, குழாயில் வரும் காவிரித் தண்ணீர் பிடித்துவந்து கழுவி, வழிந்த நீரை உப்பு அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் பார்த்து, ஊற்றிய நீரின் அளவுக்கு இறங்கும்வரை விடாமல் கழுவி, நன்றாக உலர்த்தி, நான்கு மணி நேரத்துக்குள் எபாக்ஸி பிரைமர் ஏற்றிய பிறகுதான் சரியானது. அந்த ஒரு நாள் நீங்களே போய் நின்றுவிடுங்கள்.

கம்பி வீல் ஹப்பைப் பூட்டும்போதும் கவனம். வண்டியின் வலப்பக்க ஹப்புக்கு இடது புரி, இடப்பக்கத்துக்கு வலது புரி. மாற்றிப் பூட்டினால் ஓடும்போதே நட்டு கழலும். இங்கே பிரிக்கும்போதே சுண்ணாம்புக்கட்டியால் குறி போட்டிருந்தார்கள்.

பதிவு பற்றி ஒரு வார்த்தை. 2021 விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டியை வின்டேஜ் என்று பதியலாம். புதுப் பதிவுக்கு ரூ.20,000, பத்து ஆண்டு செல்லும், மறுபதிவுக்கு ரூ.5,000. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். சேஸிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது என்பது நிபந்தனை. அதனால் பிரிக்கும் முன்னும் பூட்டிய பின்னும் எடுத்த படங்களையும் அந்த பென்சில் பிரின்ட்டையும் ஆர்.சி.யோடு ஒரே கோப்பில் வையுங்கள். பட்டறைக்காரர் படங்களைத் தேதியோடு தருகிறார். செலவுக் கணக்கை மட்டும் வாய்ச்சொல்லாகவே சொல்கிறார், துண்டுத்தாளிலாவது எழுதி வாங்குங்கள்.

வண்டியை எப்போது விடுவது என்றால், ஐப்பசி, கார்த்திகை வேண்டாம், ஈரத்தில் பெயின்ட் வெளுத்துப்போகும். ஆடிக் காற்றில் மணல் வந்து ஒட்டும். மரவேலையைத் தை மாதத்தில் முடித்துவிட்டு, மாசி பங்குனியில் பெயின்டுக்கு நாள் கேளுங்கள்.