வினிகர் டெஸ்டா, பாப் ஸ்மியரா, எச்.பி.வி.யா: எது யாருக்கு?

எனக்கு 41, எங்கள் ஆச்சிக்கு 57 (செட்டிநாட்டில் எங்கள் வீடுகளில் அக்காவை ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம்). கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இருக்கிறதா என்று இரண்டு பேரும் பார்த்துக்கொள்வோம் என்று முடிவெடுத்த பிறகு, எந்த டெஸ்ட் என்பதிலேயே ஒரு மாதம் ஓடிவிட்டது. ஒரே டெஸ்ட்தானே, சேர்ந்து போய்விடலாம் என்றுதான் நினைத்தோம். அது சரிவரவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்வது அசிட்டிக் அமிலச் சோதனை, காசு கிடையாது. வினிகரில் இருக்கும் அதே அமிலத்தை 3 முதல் 5 சதவீத அளவில் கர்ப்பப்பை வாயில் பஞ்சால் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். கோளாறான இடம் வெள்ளையாகத் தெரியும். "ஊறுகாய்க்கு ஊத்துறதையா அங்கன தடவுறாக?" என்று ஆச்சி கேட்டதில் நர்ஸம்மாவே சிரித்துவிட்டார். ஆனால் சாதாரணமாக நினைக்காதீர்கள், நம் பக்கத்துத் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடத்தி 2007-ல் வெளியான ஆய்வில், ஒரே ஒரு முறை இப்படிப் பார்த்துச் சிகிச்சை கொடுத்ததிலேயே இந்தப் புற்றுநோய் மரணங்கள் 35 சதவீதம் குறைந்தன. முடிவு அங்கேயே தெரிந்துவிடுவதும் பெரிய வசதி. குறை என்னவென்றால், எல்லாம் பார்க்கிறவரின் கண்ணையும் பழக்கத்தையும் பொறுத்தது. அப்புறம், மாதவிலக்கு நின்றவர்களுக்குப் பார்க்கவேண்டிய பகுதி உள்ளே போய்விடுவதால் இது நம்பகமில்லை. ஆச்சிக்கு ஆகாது.

பாப் ஸ்மியர் பழைய முறை, செல்களைச் சுரண்டி எடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை செய்யவேண்டும், முடிவு வாங்க இன்னொரு நடை போகவேண்டும். எனக்கு முன்பு ஒருமுறை எடுத்தபோது "செல்கள் போதவில்லை, திரும்ப வாருங்கள்" என்றார்கள். நான் போகவே இல்லை. என்னை மாதிரி ஆளுக்கு அதுதான் அதன் பிரச்சினை.

எச்.பி.வி. டெஸ்ட் நோயைத் தேடுவதில்லை, அதற்குக் காரணமான வைரஸைத் தேடுகிறது. செலவு கூடுதல், நம் ஊர்களில் எல்லா இடத்திலும் கிடைப்பதும் இல்லை. ஆனால் வைரஸ் இல்லை என்று வந்தால் ஐந்து வருடமாவது நிம்மதி. மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடந்து 2009-ல் வெளியான ஆய்வில், வைரஸ் இல்லை என்று வந்த பெண்களில் எட்டு வருடத்தில் ஒருவர்கூட இந்தப் புற்றுநோயால் சாகவில்லை. கூச்சப்படுகிறவர்கள் மாதிரியைத் தாங்களே எடுத்தும் கொடுக்கலாம். வைரஸ் இருக்கிறது என்று வந்தால் அலற வேண்டாம், பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானாகவே போய்விடும். ஆனால் அடுத்த சோதனையைத் தவறவிடக்கூடாது.

என் கணக்கில் கைக்கு எட்டினால் எச்.பி.வி.தான், ஒரு தடவைகூடப் பார்க்காமல் ஐம்பதைத் தாண்டியவர்களுக்குக் கட்டாயம் அதுதான். ஆச்சி மதுரைக்குப் போய் அதைச் செய்துகொண்டார். நான் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்கிற ரகம், அதனால் அந்த வாரமே சுகாதார நிலையத்தில் வினிகர் டெஸ்டை முடித்துவிட்டேன்.

இன்னொன்று, மாதவிலக்கு நின்றபிறகு ரத்தம் பட்டாலோ, உறவுக்குப் பின் பட்டாலோ, இந்த மூன்றில் எது என்று யோசித்துக்கொண்டிருக்காமல் நேராக மகளிர் நல மருத்துவரிடம் போய்விடுங்கள்.