கொலாஜுக்கு எந்தப் பசை? சிங்கப்பூர் ஈரக்காற்றில் ஐந்து பசைகள்

தாள்மேல் தாளாக அடுக்கி ஒட்டும் கொலாஜில் தாளுக்குப் பஞ்சமில்லை. பிராஸ் பாசா காம்பிளெக்ஸில் ஆர்ட் ஃபிரெண்ட் கலைப்பொருள் கடைக்குள் நுழைந்தால் கையால் செய்த தாள் கிடைக்கும். தேக்கா பக்கம் ஒரு நடை போய்வந்தால் இனிப்புப் பெட்டியின் மினுக்குத்தாள், கிழித்துப்போட்ட நாள்காட்டி, கல்யாண அழைப்பிதழ் உறை என்று பை நிறைந்துவிடும். தகராறு எல்லாம் பசையில்தான். டப்பாவின்மேல் அச்சடித்திருக்கும் உலரும் நேரம் இந்த ஊரை நினைத்து எழுதியதல்ல. இங்கே மழையில்லாத நாளிலும் விடியலுக்கு முன் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். பிற்பகலில் 60 வரை இறங்கும். தாள் தினமும் அதோடு சேர்ந்து விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கிறது.

அதனால் 'எவ்வளவு கெட்டியாக ஒட்டுகிறது' என்று பார்ப்பதில் பயனில்லை. தாளைத் தாளோடு ஒட்டாத பசை அபூர்வம். பார்க்கவேண்டியது வேறு: ஈரம் இறங்கும்போது தாள் என்ன ஆகிறது, காய்ந்தபின் பசை தாளோடு சேர்ந்து அசைகிறதா, ஆறு மாதம் அடுக்கிவைத்த இரண்டு படங்களைக் கிழியாமல் பிரிக்க முடிகிறதா.

குச்சிப் பசையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். துண்டுகளை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கத் தோது. முடித்த படைப்பில் ஓரங்கள் சில மாதங்களில் தூக்கிக்கொள்ளும். தெளிப்புப் பசைக்கு ஒரே ஒரு நல்ல குணம், தாளில் தண்ணீர் படாது. ஆனால் பசை மஞ்சளாகும், நாளாக நாளாகப் பிடி விடும். அதன் ஆவியை வீவக அடுக்குமாடி வீட்டின் மூடிய அறையில் சுவாசிக்கவும் கூடாது. இரட்டைப் பக்க டேப்பும் இதே கதைதான். சூட்டில் அதன் பசை ஓரத்தில் கசிந்து தூசியைப் பிடித்துக் கருங்கோடு போடும்.

வெள்ளைப் பசை, அதாவது பிவிஏ, பள்ளிக்கூடத்திலிருந்தே கை பழகியது. அட்டையோடு அட்டை, அட்டையோடு மரம், துணி என்று கனமானவற்றுக்கு இதை மிஞ்ச முடியாது. மெல்லிய தாளுக்கு இது அவசரக்காரன். பூசிய சில நிமிடங்களிலேயே பிடித்துவிடும். நனைந்த தாள் முழுதாக விரியவே அதற்குள் நேரம் கிடைக்காது. பாதி விரிந்த தாள் அப்படியே மாட்டிக்கொள்ள, சுருக்கமும் குமிழும் நிரந்தரமாகிவிடும். பிரித்தெடுக்கவும் வழியில்லை. தாளுக்கு 10க்கு 4, அட்டைக்கு 8.

அக்ரிலிக் மேட் மீடியத்தை, அதாவது நிறமி சேர்க்காத, பளபளக்காத அக்ரிலிக் பூச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். கொலாஜ் வகுப்புகளில் பெரும்பாலும் இதைத்தான் கையில் கொடுக்கிறார்கள். கீழே ஒரு பூச்சு, தாள், மேலே ஒரு பூச்சு என்று ஒரே டப்பாவில் பசையும் மெருகும் முடிந்துவிடும். நிறம் மாறாது, சீக்கிரம் காயும், உலோகம், பிளாஸ்டிக், இலை எதுவானாலும் பிடிக்கும். குறை இரண்டு. இரண்டையும் டப்பா சொல்வதில்லை.

ஒன்று, செய்தித்தாள் கண்ணாடியாகிவிடும். செய்தித்தாள் வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணம் அதன் இழைகளுக்கு நடுவே இருக்கும் காற்று. அந்த இடைவெளியை மீடியம் நிரப்பிவிட்டால் ஒளி சிதறாமல் ஊடுருவும். பின்பக்கத்து எழுத்து முன்பக்கத்தில் இடவலம் மாறித் தெரியும். தமிழ் முரசின் ஒரு பத்தியை வாசிக்கும்படி ஒட்ட நினைத்தவருக்குப் பின்பக்க விளம்பரமும் இலவசம். காய்ந்தாலும் இது போகாது, ஏனென்றால் தண்ணீர் வெளியேறினாலும் பிளாஸ்டிக் உள்ளேயே தங்கிவிடுகிறது. ஒட்டுவதற்கு முன் தாளின் முதுகில் கெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சை மெல்லிதாகப் பூசி உலரவிட்டால் தப்பிக்கலாம். வேண்டுமென்றே மங்கலான அடுக்குகள் கேட்பவருக்கு இதே குறை ஒரு வரம்தான்.

இரண்டாவது, ஒட்டும் தன்மை முழுதாகப் போகாது. அக்ரிலிக் படலம் குளிரில் இறுகும், வெப்பத்தில் இளகும் பொருள். நம் ஊரின் 30 டிகிரியில் அது எப்போதும் இளகிய பக்கத்திலேயே இருக்கும். தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோல் இருக்கும். இரண்டு படங்களை முகத்தோடு முகம் அடுக்கி மேலே நாலு புத்தகம் வைத்தால் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். இழுத்தால் மேல் அடுக்கு உரிந்து வரும். நடுவில் சிலிக்கோன் பூசிய பேக்கிங் தாளை வைக்கவேண்டும். மெழுகுத்தாள் வேண்டாம், அதன் மெழுகு படத்தில் ஏறும். சட்டத்தில் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடாதபடி 3 மில்லிமீட்டராவது இடைவெளி விடுவது கட்டாயம். தாளல்லாத பொருள்களுக்கு 10க்கு 8, தாளுக்கு 5.

மிச்சமிருப்பது கோதுமை ஸ்டார்ச் பசை. ஜப்பானில் ஓவியச் சுருள் ஒட்டவும், அருங்காட்சியகங்களில் கிழிந்த ஆவணம் சேர்க்கவும் காலங்காலமாகப் புழங்கிவரும் பசை இது. விலை சில வெள்ளிதான். கலைப்பொருள் கடையில் தேடவேண்டாம். பேக்கிங் பொருள் விற்கும் இடத்தில் கேளுங்கள். திம்சம் கடையில் இறாலைச் சுற்றியிருக்கும் அந்தக் கண்ணாடித்தோல் இந்த மாவில்தான் ஆகிறது. மைதாவை வாங்கிவந்து ஏமாறவேண்டாம். மைதாவில் குளூட்டன் புரதம் இருக்கிறது. பசை பழுப்பேறும், விறைக்கும், பூச்சியை அழைக்கும். ஸ்டார்ச் என்பது அந்தப் புரதத்தைக் கழுவி நீக்கியது.

அளவு: ஒரு பங்கு மாவுக்கு நான்கு பங்கு தண்ணீர். 3 மேசைக்கரண்டி மாவு, 180 மில்லிலிட்டர் தண்ணீர் போட்டால் ஏ3 அளவில் இரண்டு மூன்று படத்துக்குக் காணும். பச்சைத் தண்ணீரில் கரைத்து அரைமணி ஊறவிட்டு, பிறகு சிறு தீயில் கிளறவேண்டும். சில நிமிடங்களில் சட்டென்று கெட்டியாகும். பலர் இந்த இடத்தில் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள், தவறு அங்கேதான். உள்ளே இருக்கும் மாவு இன்னும் வேகவில்லை. பால்வெள்ளை மாறிக் கண்ணாடிபோல் பளபளக்கும்வரை இன்னும் 15, 20 நிமிடம் கை விடாமல் கிளறவேண்டும். வேகாத பசை காய்ந்தபின் பொடியாக உதிரும். ஆறியதும் சல்லடையில் இரண்டு முறை தேய்த்து இறக்கி, தண்ணீர் கொஞ்சங்கொஞ்சமாகச் சேர்த்துத் தளர்த்தவேண்டும். கனத்த தாளுக்குத் தயிர்ப் பதம், மெல்லிய தாளுக்கு மோர்ப் பதம். கெடாமல் இருக்க ரசாயனம் எதுவும் இதில் இல்லை. நம் வெப்பத்தில் இரண்டாம் நாளே புளித்த வாடை வரும், குளிர்பெட்டியில் நாலைந்து நாள். ரோஜா நிறப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

பிவிஏவைவிட இதில் தண்ணீர் அதிகம், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் நிதானமாகக் காய்வதால் தாளுக்கு விரிய நேரம் கொடுக்கிறது. பசை பூசியபின் 2 நிமிடம் சும்மா விடுங்கள். தாள் முதலில் சுருண்டு, பிறகு தானே தளர்ந்து படுக்கும். அப்போது எடுத்து வைத்து, பேக்கிங் தாளை மேலே விரித்து நடுவிலிருந்து ஓரத்துக்குக் கையால் தடவவேண்டும். செய்தித்தாள் ஈரத்தில் மங்கினாலும் காய்ந்ததும் பழைய வெண்மைக்குத் திரும்பும், பின்பக்க எழுத்து மறையும். பிடிக்கவில்லையா? ஈரத்துணியைப் பத்து நிமிடம் போட்டால் ஒரு அடுக்கு மட்டும் உரிந்து வரும். அடுக்கிவிட்டுப் பிறகு கிழித்து அடியில் உள்ளதைக் காட்டும் பாணியில் வேலை செய்பவர்களுக்கு இந்த வசதியை மற்ற நான்கு பசைகளும் தராது. 10க்கு 9. அந்த ஒரு மதிப்பெண் எங்கே போனது என்பது பின்னால்.

தாளின் இழை ஓட்டம் தெரியாமல் ஒட்டினால் எந்தப் பசையும் காப்பாற்றாது. செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் நேராகப் போகும், குறுக்கே கிழித்தால் கோணும். நேராகக் கிழியும் திசைதான் ஓட்டம். நனைந்த தாள் ஓட்டத்துக்குக் குறுக்காகத்தான் அதிகம் விரியும். பெரிய துண்டுகளின் ஓட்டமும் அடித்தளத்தின் ஓட்டமும் ஒரே திசையில் இருக்கட்டும். அட்டையின் முகத்தில் ஒட்டிய அதே அளவுக்கு முதுகிலும் ஒரு தாளை ஒட்டவேண்டும், இல்லாவிட்டால் அட்டை அப்பளமாக வளையும். மாஜோங் தாள் என்று விற்கும் பெரிய வெள்ளைத்தாள் இதற்குப் போதும்.

பொறுக்கிய தாள்களுக்கு ஆளுக்கொரு குணம். பழைய வாகன நிறுத்தக் கூப்பன் சாது, எந்தப் பசையையும் ஏற்கும். ஜெர்மன் கொலாஜ் கலைஞர் குர்ட் ஷ்விட்டர்ஸ் டிராம் சீட்டுகளை ஒட்டினார் என்றால் நமக்குக் கூப்பன். கடை ரசீது அப்படியல்ல. அது வெப்பத்தாள், அதன் எழுத்து சூட்டால் வருவது, வெளிச்சத்தில் போவது. தெளிப்புப் பசையின் கரைப்பான் பட்டால் மொத்தமும் கருக்கும். எழுத்து நிலைக்கவேண்டுமானால் லேசர் அச்சில் நகலெடுத்து நகலை ஒட்டுங்கள். இங்க்ஜெட் நகல் வேண்டாம், ஈரத்தில் ஓடும்.

சீனர்களின் ஏழாம் மாதத்தில் முன்னோருக்காக எரிப்பதற்கு விற்கும் தங்கத்தாளின் மினுக்கு மிக மெல்லிய உலோகப் படலம். முதுகில் ஸ்டார்ச் பசையின் ஈரம் ஏறினால் படலம் பொரிந்து உதிரும். இதற்கு மட்டும் அக்ரிலிக் மீடியத்தை ஒரே ஒரு மெல்லிய பூச்சாக முதுகில் தடவி ஒட்டவேண்டும், முகத்தில் தூரிகை படவே கூடாது. யாரும் எரிக்கப் படைத்துவைத்ததை எடுக்காதீர்கள், கடையில் கட்டு மலிவாகவே கிடைக்கிறது. சிவப்புத்தாள் எதுவானாலும், அங்பாவ் உறை உட்பட, ஈரப் பஞ்சுக்குச்சியைப் பத்து விநாடி அழுத்திப் பாருங்கள். பஞ்சு சிவந்தால் அந்தச் சாயம் பக்கத்துத் தாளுக்கும் போகும்.

சீனத்தாளையும் பொறுக்கிய தாளையும் அடுக்குவதில் இந்த ஊரின் முன்னோடி கோ பெங் குவான். 1982இல் யூஓபி ஓவியப் போட்டியின் முதல் ஆண்டில் வென்றவர், 1989இல் கலாசாரப் பதக்கம் பெற்றவர். அவர் படைப்பு காட்சிக்கு வரும்போது படத்தின் நடுவை விட்டுவிட்டு ஓரங்களைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். எது கிழித்த விளிம்பு, எது வெட்டிய விளிம்பு என்பது தெரியும். கிழித்த விளிம்பு மெலிந்து போவதால் அடுக்கில் மேடு தட்டாது, வெட்டிய விளிம்பு படிக்கட்டுபோல் நிற்கும். தாளையே கூழாக்கும் வழிக்குப் போக நினைப்பவர்கள் ராபர்ட்சன் கீயில் 2002இல் தொடங்கிய எஸ்டிபிஐ அச்சுக்கலைக் கூடத்தின் கண்காட்சிகளைத் தவறவிடவேண்டாம், அங்கே தாள் செய்யும் பட்டறையே இருக்கிறது.

உலர்த்துவதில்தான் அதிகம் கெடுகிறது. மின்விசிறிக்குக் கீழே வைத்தால் முகம் முதலில் காய்ந்து சுருங்கி அட்டையை இழுக்கும். ஒரு நாளில் மூன்று ஈர அடுக்குக்குமேல் போகாதீர்கள். பிறகு பேக்கிங் தாள், உறிஞ்சுதாள், பலகை, அதன்மேல் ஐந்து கிலோ அரிசிப் பை. உறிஞ்சுதாளை அரைமணியில் ஒருமுறை, இரண்டு மணி நேரத்தில் ஒருமுறை, மறுநாள் காலை ஒருமுறை மாற்றவேண்டும். மாற்றாமல் விட்டால் மூன்றாம் நாள் பூஞ்சை வாடை அடிக்கும். தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும் தாள் இன்னும் காயவில்லை என்று பொருள். மூன்று நாள் அழுத்தத்தில் இருக்கட்டும்.

அந்த ஒரு மதிப்பெண்ணுக்கு வருவோம். ஸ்டார்ச் வெள்ளிமீன் பூச்சிக்கு விருந்து. மேற்பரப்பைச் சுரண்டித் தின்றுவிட்டு, ஒழுங்கற்ற மெலிந்த திட்டுகளை விட்டுச்செல்லும். முடித்த படங்களை அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளாதீர்கள், அந்தப் பூச்சிகள் குடியிருப்பதே அங்கேதான். சிறிய படங்களுக்குக் கேமராவுக்கு வாங்கும் உலர்பெட்டி போதும். அதன் ஈரப்பத முள்ளை 50 விழுக்காட்டில் வையுங்கள், மிகவும் வறண்டுபோனால் தாள் விறைத்துவிடும். பெரியவற்றைச் சட்டமிட்டு, முதுகுப் பலகைக்கும் சட்டத்துக்கும் இடையிலான இடுக்கைத் தாள் டேப்பால் முழுதாக மூடி, வெளிச்சுவரில் அல்லாமல் உட்சுவரில் மாட்டுங்கள். மழைக்காலத்தில் வெளிச்சுவர் ஈரம் கோக்கும்.