எடிட்டர் என்று நம்பி ரூ.38,500 கொடுத்து ஏமாந்தேன். புத்தகம் எழுதி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

நேற்று ராத்திரி பதினொரு மணிக்குத்தான் உறுதியானது. அந்த ஆள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். போனது மொத்தம் ரூ.38,500. கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்துவிட்டு எடிட்டர் தேடிக்கொண்டிருக்கிற யாராவது ஒருவராவது தப்பிக்கட்டும்.

நான் ராமநாதபுரம் பக்கம். என் அப்பா எங்கள் ஊர்க் கண்மாய்க்கு முப்பது வருஷம் நீர்பாய்ச்சியாக இருந்தவர். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர், எந்த மடையை எவ்வளவு திறப்பது என்பதெல்லாம் அவர் தலைக்குள்ளேயே இருந்தது. அவரோடு அது போய்விடக் கூடாது என்று, பள்ளிக்கூட லீவு நாட்களில் ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களைக் கேட்டு எழுதினேன். ஆறு வருஷம். 216 பக்கம். தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால், மடை, மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலுங்கு, ஊரே கூடிக் கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்து, அந்த ஊர்வேலையை 1858இல் வெள்ளைக்காரன் சட்டமாக்கியது, ராஜசிங்கமங்கலத்துக் கண்மாய் என எல்லாம் அதில் இருந்தது.

எழுதிவிட்டேனே தவிர, அதைப் புத்தகமாக அடுக்கத் தெரியவில்லை. மூன்றாம் அத்தியாயம் வெறும் பேட்டியாக நீண்டு கிடந்தது. நல்ல இடத்தில் சட்டமும் வருஷமும் வந்து குறுக்கே விழுந்தன. எதை முன்னால் கொண்டுவருவது, எதை வெட்டுவது, எங்கே இன்னும் கேட்டு எழுத வேண்டும் என்று சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. ஒற்றுப்பிழை பார்ப்பதற்கு அல்ல. அதை நானே பார்த்துக்கொள்வேன், நான் தமிழாசிரியை.

ஃப்ரீலான்ஸ் வேலை செய்பவர்கள் பட்டியல் போட்டிருக்கும் ஓர் ஆன்லைன் தளத்தில்தான் அவரைப் பிடித்தேன். ஏகப்பட்ட ஸ்டார், ஏகப்பட்ட பாராட்டு. நான்கு பக்கம் அனுப்புங்கள், இலவசமாகச் செய்து காட்டுகிறேன் என்றார். மூன்றாம் நாள் திரும்பி வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அது நல்ல எடிட்டிங். மூன்றாம் பக்கத்தில் ஒளிந்து கிடந்த ஒரு பத்தியை எடுத்துப் புத்தகத்தின் முதல் பத்தியாக வைத்திருந்தார். மார்கழிப் பனியில் அப்பா அரிக்கேன் விளக்கைக் கரையில் வைத்துவிட்டு மடைக்குள் இறங்குவார். மேலே ஏறி வந்ததும் விளக்குக் கண்ணாடியில் உள்ளங்கையைக் காட்டிச் சூடேற்றி, என் கன்னத்தில் வைப்பார். அந்தப் பத்திதான்.

அன்று சாயங்காலம் போனில் கூப்பிட்டார். நாற்பது நிமிஷம் பேசினார். அந்தப் பத்தியை அப்படியே வாசித்துக் காட்டினார். "அக்கா, இதைப் படிச்சிட்டு எங்க தாத்தா ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டேன்" என்றார். நான் அழுதுவிட்டேன். ஆறு வருஷத்தில் என் எழுத்தை எனக்கே வாசித்துக் காட்டிய முதல் ஆள் அவர். அந்த நிமிஷமே நம்பிவிட்டேன்.

அதே போனில் சொன்னார். "தளத்துல கட்டினா கமிஷன் பிடிச்சிருவாங்கக்கா, நேரா அனுப்புங்க. அந்த வித்தியாசத்தை உங்களுக்கே குறைச்சிடுறேன்." முன்பணம் ரூ.20,000 அனுப்பினேன். ஒப்பந்தம் எழுதிக்கொள்ளவில்லை. தம்பி மாதிரி பேசுகிறவரிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சம். மூன்று வாரம் கழித்து, பாதி முடிந்தது என்று ரூ.12,000. அப்புறம் புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கு அரசாங்கக் கட்டணம் என்று ரூ.3,500. அட்டைக்கு ரூ.3,000. கூட்டிப் பாருங்கள், ரூ.38,500. ஐஎஸ்பிஎன் நம் நாட்டில் இலவசம். எழுதியவரே ஆன்லைனில் விண்ணப்பித்து வாங்கலாம். எனக்கு இது போன வாரம்தான் தெரியும்.

பணம் முழுசாகப் போனதும் அக்கா, மேடம் ஆனாள். "டீம் பாத்துட்டிருக்காங்க மேடம்." எனக்குத் தெரிந்து அதுவரை டீம் என்று ஒன்று கிடையாது. அப்புறம் லேப்டாப் ரிப்பேர். அப்புறம் மாமனார் ஆஸ்பத்திரியில். நானும் மாமனாருக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்து மெசேஜ் போட்டேன். பதில் இல்லை. நீல டிக் மட்டும் விழுந்தது. ஜனவரி புத்தகக் காட்சிக்கு முன்னால் முடித்துத் தருகிறேன் என்று சொன்னதே அவர்தான். அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

போன சனிக்கிழமை ஃபைல் வந்தது. எங்கே என்ன மாற்றினார் என்று காட்டும் ட்ராக் சேஞ்சஸ் இல்லை, ஓரக்குறிப்பு ஒன்றுகூட இல்லை. அத்தியாய வரிசை நான் கொடுத்தபடியே இருந்தது. ஆனால் 'மடை' என்று இருந்த இடத்திலெல்லாம் 'மதகு' என்று மொத்தமாக மாற்றி வைத்திருந்தார். எப்படித் தெரியும் என்கிறீர்களா? 'மடையைத் திறந்தார்' என்பது 'மதகுயைத் திறந்தார்' ஆகியிருந்தது. 'கடைமடை', 'கடைமதகு'. கோயில் மடைப்பள்ளி, 'மதகுப்பள்ளி'! 'நாரை பறக்காத 48 மடைக் கண்மாய்' என்று ராஜசிங்கமங்கலத்துக் கண்மாய்க்கு எங்கள் ஜில்லாவே சொல்லும் பேரையும் விடவில்லை. மனுஷன் ஒரு வரி படித்திருந்தால் இது கண்ணில் படாமல் போகுமா?

இதையாவது திரும்ப மாற்றிக்கொள்ளலாம். பெரியவர்கள் பேச்சில் கை வைத்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "கம்மா பெருகிருச்சு தாயி, கலுங்கு பாயுது" என்று ஒரு தாத்தா சொன்னார். அவர் இப்போது உயிரோடு இல்லை. அது "ஏரி நிரம்பி வழிகிறது, மகளே" ஆகியிருந்தது. ஒவ்வொரு அத்தியாயமும் "இவ்வாறு நீர் மேலாண்மை நம் வாழ்வின் இன்றியமையாத அங்கமாகத் திகழ்கிறது" என்கிற மாதிரி முடிந்தது. நான் எழுதாத ஒரு ராஜாவும் ஒரு வருஷமும் ஐந்தாம் அத்தியாயத்தில் வந்து உட்கார்ந்திருந்தன. எங்கே தேடியும் அப்படி ஒரு ராஜா கிடைக்கவில்லை. ஏஐயில் போட்டு எடுத்திருக்கிறார் என்று என் மகன் இரண்டு பக்கம் பார்த்ததுமே சொல்லிவிட்டான். கவனிக்காமல் அச்சுக்குக் கொடுத்திருந்தால் என் பெயரில் அந்தப் பொய் வந்திருக்கும்.

கேட்டேன். "நீங்க கேட்ட மாதிரிதான் செஞ்சிருக்கோம் மேடம், ரிவிஷனுக்குத் தனி சார்ஜ்" என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று நேற்று எழுதினேன். பிளாக். தளத்துக்கு எழுதினால், எங்கள் வழியாகப் பணம் கட்டவில்லை, நாங்கள் பொறுப்பில்லை என்று ரெடிமேடாக ஒரு பதில். ராத்திரியே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடித்துப் புகார் பதிந்தேன். காலையில் ஸ்டேஷனுக்கும் போனேன். "வேலை செஞ்சுதானம்மா குடுத்திருக்காரு, இது சிவில்" என்றார்கள். நுகர்வோர் ஆணையத்தில் போடப் போகிறேன். 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. ரூ.38,500 என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கும் மேல். விடமாட்டேன்.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். மாதிரிப் பக்கத்தை நீங்களே, புத்தகத்தின் நடுவிலிருந்து எடுத்துக் கொடுங்கள். அமைப்பைச் சரிசெய்வதா, மொழி செம்மையா, மெய்ப்புத் திருத்தமா என்று எழுத்தில் வாங்குங்கள். அத்தியாயம் அத்தியாயமாக வேலையைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஐஎஸ்பிஎன்னுக்குக் காசு கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

இன்னொன்று. இன்று மத்தியானம் என் மகன் அதே தளத்தில் வேறு பெயரில் ஒரு பக்கத்தைக் கண்டுபிடித்தான். 'நான் செய்த வேலை' என்று அங்கே மாதிரி போட்டிருக்கிறார்கள். என்னுடைய அந்த நான்கு பக்கம்தான். யாராவது உங்களிடம் அரிக்கேன் விளக்கும் மார்கழிப் பனியுமாகத் தொடங்கும் ஒரு மாதிரியைக் காட்டினால் காசு கொடுத்துவிடாதீர்கள். அதில் வருகிறவர் என் அப்பா.